காயம் யார் கணக்கில்?

பட்டாளத்தில் உடம்பு கெட்டு ஊர் திரும்பும் ஜவானின் மிச்ச வாழ்க்கையை ஒரு படிவம் தீர்மானிக்கிறது. ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப்.-16 என்று அதற்குப் பெயர். ராணுவ மருத்துவமனையில் மெடிக்கல் போர்டு உட்கார்ந்து நிரப்புவது. என்ன நோய், எப்போது தொடங்கியது, அப்போது எந்த ஊரில் டியூட்டி, எத்தனை சதவீத ஊனம் என்று கட்டம் கட்டமாகப் போகும். நடுவே ஒரு கேள்வி: இந்த ஊனம் படைப்பணியால் வந்ததா, அல்லது படைப்பணியால் முற்றியதா? எதிரே இரண்டு முறை ‘இல்லை’ என்று எழுதி, காரணம் கேட்கும் இடத்தில் அரை வரி போட்டுவிட்டால் கதை முடிந்தது. அந்த அரை வரிகளுக்கும் ஓர் அச்சு இருக்கிறது. ‘பீஸ் ஏரியாவில் இருக்கும்போது தொடங்கியது’ என்பது ஒன்று. ‘உடல்வாகைச் சார்ந்த நோய்’ என்பது இன்னொன்று.

எல்லையில் பனியிலும் மேட்டிலும் பல வருஷம் நின்றவருக்கு, கடைசியில் செகந்திராபாத் மாதிரி ஓர் ஊரில் போஸ்டிங் கிடைத்து, அங்கே வைத்து முதுகுத்தண்டு மக்கர் செய்ய ஆரம்பித்தால், முதல் காரணமே போதும். ஆளை அனுப்பிவிடலாம்.

இத்தனை கட்டங்களைத் தாண்டியும் ஓய்வூதியத்துக்கான தீர்ப்பு ‘இவரால் இனி வேலை செய்து பிழைக்க முடியுமா’ என்ற கேள்வியில் நிற்பதில்லை. காயம் யார் கணக்கில் என்பதில்தான் நிற்கிறது.

தருமபுரி மாவட்டத்தில் வேலை பற்றிய கேள்விதான் முதல் கேள்வி. முப்பத்தைந்து, நாற்பது வயதில் டிஸ்சார்ஜ் புக்கோடு அரூருக்கோ பென்னாகரத்துக்கோ வந்து இறங்குபவருக்கு இங்கே இருக்கும் வழிகள் கொஞ்சம்தான். டெக்ஸ்கோ மூலமாகக் காவலர் வேலை. ஓசூர், பெங்களூரு கம்பெனிகளில் அதே செக்யூரிட்டி உத்தியோகம். இல்லையென்றால் மானாவாரி நிலத்தில் கேழ்வரகு, சாமை, மரவள்ளி. கிணற்றில் தண்ணீர் இருந்தால் தக்காளி போட்டுப் பாலக்கோடு மண்டிக்கு ஏற்றலாம். எல்லாமே காலையும் முதுகையும் கேட்கிற வேலை. 1986-ல் தமிழக அரசு தொடங்கிய டெக்ஸ்கோ, முன்னாள் படைவீரர்களுக்கு உண்மையிலேயே பெரிய ஆதரவு. ஆனால் அது நிற்கத் தெம்புள்ளவருக்கான ஆதரவு. ஷிஃப்ட் முழுக்க நிற்க முடியாதவரை ஏ.டி.எம். வாசலில் யார் வைத்துக்கொள்வார்கள்?

அதனால்தான் அந்தப் படிவத்தின் அரை வரி இங்கே இவ்வளவு கனக்கிறது.

பணக் கணக்கைப் பிரித்துப் பார்க்கலாம். ஊனத்தால் ‘போர்டு அவுட்’ ஆகிற வீரரின் ஊன ஓய்வூதியத்தில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று சேவைப் பகுதி, மற்றது ஊனப் பகுதி. நூறு சதவீத ஊனம் என்றால் ஊனப் பகுதி கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். ஊனம் குறையக் குறைய அதே விகிதத்தில் தொகையும் குறையும். கடைசிச் சம்பளம் 40,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், முழு ஊனத்துக்கு 12,000 ரூபாய். இருபது சதவீதத்துக்கு 2,400 ரூபாய். இருபதுக்குக் கீழே போனால் ஊனப் பகுதியே இல்லை என்பது பழைய விதி. 1996 ஜனவரி முதல், போர்டு அவுட் ஆனவர்களுக்கு ஒரு சலுகை வந்தது. ஐம்பதுக்குக் கீழான ஊனத்தை ஐம்பதாகவும், ஐம்பது முதல் எழுபத்தைந்து வரையானதை எழுபத்தைந்தாகவும், அதற்கு மேற்பட்டதை நூறாகவும் கணக்கில் எடுப்பது. ‘பிராட் பேண்டிங்’ என்பார்கள். நம் உதாரணத்தில் 2,400 ரூபாய் 6,000 ஆகிவிடும். அதற்கு மேல் அகவிலைப்படி. எதிரியோடு மோதிப் பட்ட காயமென்றால் விகிதமே வேறு, இதைவிடக் கணிசமாகக் கூடுதல்.

ஆனால் இவை எல்லாம் ‘பணியால் வந்தது’ அல்லது ‘பணியால் முற்றியது’ என்று படிவம் சொன்னால்தான். ‘இரண்டும் இல்லை’ என்று விழுந்துவிட்டால் சதவீதம் எண்பதாக இருந்தாலும் ஊனப் பகுதி பூஜ்யம்.

இந்த அநியாயத்தை உச்ச நீதிமன்றம் கவனிக்காமல் இல்லை. சிக்னல்ஸ் படையில் 1985-ல் சேர்ந்த தரம்வீர் சிங், வலிப்பு நோயோடு, இருபது சதவீத ஊனம் என்று 1994-ல் வெளியே அனுப்பப்பட்டார். பணிக்கும் நோய்க்கும் சம்பந்தமில்லை என்றது போர்டு. ஏன் என்று எழுதவில்லை. பத்தொன்பது வருஷம் கழித்து, 2013 ஜூலை 2 அன்று வந்த தீர்ப்பின் சாரம் இதுதான்: ஆளெடுக்கும்போது உச்சி முதல் பாதம் வரை சோதித்துத்தானே எடுத்தீர்கள், அன்றைக்கு எந்தக் குறையும் பதிவாகவில்லை என்றால், பிறகு வந்தது பணியால் வந்தது என்றே கொள்ள வேண்டும், அப்படியில்லை என்று காட்டுவது அரசின் பொறுப்பு, வீரரின் பொறுப்பு அல்ல, போர்டு காரணம் எழுதியே ஆக வேண்டும்.

அதன் பிறகு வரிசையாக வந்தன. ஊனத்தைக் காரணம் காட்டி வெளியேற்றிய பிறகு அது இருபது சதவீதத்துக்கும் குறைவு என்று சொல்ல முடியாது என்றது 2014-ல் சுக்விந்தர் சிங் வழக்கு. வேலைக்கே ஆகாது என்று அனுப்பிவிட்டு ஊனம் பத்தொன்பது சதவீதம்தான் என்பதில் என்ன நியாயம் இருக்கிறது? அதே வருஷம் டிசம்பரில் ராம் அவதார் வழக்கு. பிராட் பேண்டிங் போர்டு அவுட் ஆனவர்களுக்கு மட்டுமல்ல, ஊனத்தோடேயே பணிக்காலத்தை முடித்து வந்தவர்களுக்கும் உண்டு என்று முடிவானது. 2025 மே மாதம் ராஜுமோன் வழக்கில், காரணமில்லாத போர்டு அறிக்கையை வைத்து மனநோயாளியான வீரருக்கு ஓய்வூதியம் மறுத்தது செல்லாது என்று மீண்டும் சொன்னார்கள்.

‘மீண்டும்’ என்பதைக் கவனிக்க வேண்டும். 2013-ல் சொன்னதையே 2025-லும் சொல்ல வேண்டியிருக்கிறது. நடுவில் 2015-ல், மனோகர் பாரிக்கர் பாதுகாப்பு அமைச்சராக இருந்தபோது, வழக்குகளைக் குறைக்க ஒரு நிபுணர் குழு போட்டார்கள். கார்கில் போர்க்காலத்தில் காயம்பட்டு ஒரு காலை இழந்து, செயற்கைக் காலோடு மாரத்தான் ஓடிய மேஜர் டி.பி. சிங் அதில் ஒருவர். முடிந்துபோன சட்டப் பிரச்சினைகளுக்காக ஊனமுற்ற வீரர்கள் மீது அரசு மேல்முறையீடு செய்துகொண்டிருப்பதை அந்தக் குழு கடுமையாகவே குறை சொன்னது. சட்டம் வீரர் பக்கம் வந்து பல வருஷமாகிவிட்டது. படிவம் நிரப்பும் மேஜை மட்டும் இடம் மாறவில்லை. தீர்ப்பு யார் பெயரில் வந்ததோ அவருக்குப் பணம். மற்றவர்கள் அவரவர் வழக்கை அவரவர் போட வேண்டும்.

போடுவதென்றால் எப்படி? முதலில் நிராகரிப்புக் கடிதம் வரும். அதிலிருந்து ஆறு மாதத்துக்குள் முதல் மேல்முறையீடு. அதுவும் போனால் இரண்டாவது. அதற்கும் மேல் படைத்துறைத் தீர்ப்பாயம். 2007 சட்டப்படி அமைந்து 2009-ல் வேலை தொடங்கிய இந்தத் தீர்ப்பாயத்தின் அமர்வு ஒன்று சென்னையில் இருக்கிறது. அங்கே தோற்றால் உயர் நீதிமன்றத்துக்குப் போக முடியாது, நேராக டெல்லிதான் என்ற நிலை சில வருஷம் இருந்தது. 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்தக் கதவைத் திறந்துவிட்டது. தருமபுரிக்காரருக்கு இது சின்ன விஷயமில்லை. சென்னை முந்நூறு கிலோமீட்டர். ஒரு ராத்திரி பஸ்.

ஆளைவிடக் காகிதம்தான் அதிகம் சுற்றுகிறது. மெட்ராஸ் ரெஜிமென்ட்காரர் என்றால் ரெக்கார்ட் ஆபீஸ் நீலகிரி வெலிங்டனில். மெட்ராஸ் எஞ்சினியர் குரூப் (எம்.இ.ஜி.) சாப்பர் என்றால் பெங்களூருவில். ஓய்வூதியத்தை மஞ்சூர் செய்து பி.பி.ஓ. என்ற ஓய்வூதிய ஆணை போடுவது பிரயாக்ராஜில். எல்லாம் இப்போது ‘ஸ்பர்ஷ்’ ஓய்வூதிய இணையதளத்தில் வந்துவிட்டதே என்பார்கள். வந்துவிட்டதுதான். ஆனால் தமிழ்நாட்டுக்காரருக்கு இனிஷியல் ஒரு தீராத தலைவலி. பட்டாளத்தில் அப்பா பெயரை முழுசாக எழுதியிருப்பார்கள், ஆதாரில் ஒற்றை எழுத்து, பான் கார்டில் முன்னும் பின்னும் மாற்றி. மூன்றும் பொருந்தாவிட்டால் கணினி நகராது. நடக்க முடியாத மனுஷர் இந்த ஓர் எழுத்துக்காகப் பொதுச் சேவை மையத்துக்கு ஆட்டோ பிடிக்க வேண்டும்.

மேல்முறையீட்டில் ஜெயிப்பது வக்கீலின் வாய்ச்சாலகத்தைவிடக் கையில் இருக்கும் காகிதத்தைப் பொறுத்தது. பணியில் அடிபட்டால் ஐ.ஏ.எஃப்.ஒய்.-2006 என்ற காய அறிக்கையை யூனிட்டில் நிரப்ப வேண்டும். கமாண்டிங் ஆபீசர் தன் கருத்தை அதில் எழுதுவார். விளையாட்டுப் பயிற்சியில் முட்டி திரும்பிக்கொண்டது, லாரியிலிருந்து குதிக்கும்போது கணுக்கால் பிசகியது என்று சொல்லும் எத்தனையோ பேருக்கு இந்தக் காகிதம் இருப்பதில்லை. ‘சின்ன அடிதானே சார்’ என்று மாத்திரை வாங்கிக்கொண்டு அடுத்த நாள் பி.டி.-க்கு ஓடியிருப்பார்கள். அதைத்தானே நல்ல சிப்பாய்க்கு அழகு என்று சொல்லிக் கொடுத்தார்கள். பதினைந்து வருஷம் கழித்து அதே முட்டி வீங்கி நிற்கும்போது, அடிபட்டதற்கு ஆதாரம் எங்கே என்று கேட்கிறது போர்டு.

போர்டு அறிக்கையின் நகலே கையில் இல்லாதவர்களும் இருக்கிறார்கள். 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம் இங்கே கைகொடுக்கும். பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டரோடு ரெக்கார்ட் ஆபீஸின் தகவல் அலுவலருக்கு எழுதி, மெடிக்கல் போர்டு நடவடிக்கைகள், சேரும்போது எடுத்த மருத்துவப் பரிசோதனை, காய அறிக்கை இருந்தால் அதுவும் என்று கேட்கலாம். தன் உடம்பைப் பற்றிய ஆவணம், மறுக்க இடமில்லை. இதில் சேரும்போது எடுத்த பரிசோதனைதான் தங்கம். அதில் ஒரு குறையும் இல்லை என்றிருந்தால் தரம்வீர் சிங் தீர்ப்பு அப்படியே பொருந்தும்.

தாமதமாகப் போனால் என்ன நஷ்டம் என்பதற்கும் ஒரு தீர்ப்பு உண்டு. 1983-ல் வெளியே வந்த தர்சேம் சிங் 1999-ல்தான் நீதிமன்றம் போனார். ஓய்வூதிய மறுப்பு மாதாமாதம் தொடரும் தவறு, அதனால் வழக்கு காலாவதி ஆகாது என்று 2008-ல் உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஆனால் பாக்கித் தொகை வழக்குப் போட்ட தேதிக்கு முந்தைய மூன்று வருஷத்துக்கு மட்டும்தான். மீதி பதின்மூன்று வருஷப் பணம் போனது போனதுதான். ‘பார்த்துக்கலாம், அடுத்த வருஷம் மனு கொடுக்கலாம்’ என்று வீட்டில் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவருக்கும் இந்தக் கணக்கு ஓடிக்கொண்டே இருக்கிறது.

எல்லா மறுப்பும் அநியாயம் என்று சொல்ல முடியாது. லீவில் ஊருக்கு வந்திருக்கும்போது நடக்கும் விபத்தை எடுத்துக்கொள்ளுங்கள். யூனிட்டிலிருந்து ஊருக்கு வரும் பயணமும் திரும்பிப் போகும் பயணமும் டியூட்டியாகவே கருதப்படும். ஊரில் இருக்கும் நாள்கள் அப்படியல்ல. லீவில் சகோதரி வீட்டு மாடிப்படியில் விழுந்த ஒரு நாயக்கின் வழக்கில், 2015-ல், படைப்பணிக்கும் அந்த விழுதலுக்கும் தொடர்பே இல்லை என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சட்டப்படி சரிதான். ஆனால் பொங்கல் லீவில் வந்து நான்குவழிச் சாலையில் பைக்கோடு விழுந்து இடுப்பொடிந்த இருபத்தாறு வயதுப் பையனுக்கு அடுத்த நாற்பது வருஷம் சோறு யார் போடுவது என்ற கேள்வி சட்டத்துக்கு வெளியே கிடக்கிறது.

அதற்கு இருக்கும் ஒரே பிடி இன்வாலிட் பென்ஷன். ஊனம் பணியால் வரவில்லை என்றாலும், பத்து வருஷம் சேவை செய்திருந்தால் இது கிடைக்கும். பத்துக்குக் குறைவென்றால் கையில் ஒரு பணிக்கொடை, அவ்வளவே என்றிருந்தது. 2020 ஜூலையில் மத்திய அரசு இந்தப் பத்து வருஷ நிபந்தனையைத் தளர்த்தியது. 2019 ஜனவரி 4 அன்றோ அதற்குப் பிறகோ பணியில் இருந்தவர்களுக்கு, பத்து வருஷம் முடியாவிட்டாலும் இன்வாலிட் பென்ஷன் உண்டு என்றது. ஆனால் ஊனம் அவரைப் படைப்பணிக்கு மட்டுமல்ல, வெளியே எந்த வேலைக்கும் நிரந்தரமாக லாயக்கற்றவராக ஆக்கியிருக்க வேண்டும். வேலை செய்ய முடியுமா என்று நேராகக் கேட்கும் விதி ஒருவழியாக வந்தது. அதற்கும் தேதியைப் போட்டு வேலி கட்டிவிட்டார்கள். 2018-ல் வெளியே வந்தவரின் முதுகெலும்பு என்ன, வேறு எலும்பா?

இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஊன ஓய்வூதியம் துஷ்பிரயோகம் செய்யப்படுகிறது என்ற குற்றச்சாட்டு ராணுவத்துக்குள்ளேயே உண்டு. தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் 2023 அறிக்கையைப் பார்த்தால், ஓய்வு பெறும் அதிகாரிகளில் மூன்றில் ஒருவருக்கு மேல் ஊன ஓய்வூதியத்தோடு போகிறார்கள். ஜவான்களில் ஐந்தில் ஒருவர்கூட இல்லை. ரத்தக்கொதிப்பும் சர்க்கரையும் சேர்ந்த பட்டியல் அது. 2023 செப்டம்பர் 21 முதல் விதிகளை மாற்றினார்கள். ஊனத்தோடு பணியைத் தொடர்ந்து ஓய்வு பெறுபவருக்கு இனி ‘குறைபாட்டு நிவாரணம்’ என்ற பெயரில் தனித் தொகை. நோய்களுக்கான அளவுகோல்களும் இறுகின. மேலே இருப்பவர்கள் செய்ததற்கு அடி கீழே விழுகிறது என்று முன்னாள் படைவீரர் சங்கங்கள் சொல்வதில் நியாயம் இருப்பதாகவே படுகிறது. முட்டி போன சிப்பாயும் சுகர் வந்த கர்னலும் ஒரே சல்லடையில் சலிக்கப்படுகிறார்கள். கர்னலுக்கு வெளியே வேறு வேலை காத்திருக்கும்.

உடம்பு முழுக்கச் செயலிழந்தவர்களுக்கு ராணுவம் தன் பங்குக்குச் சில நல்ல இடங்களை வைத்திருக்கிறது. புனே பக்கம் கட்கியில் முடக்குவாத மறுவாழ்வு மையம் இருக்கிறது. அங்கே சக்கர நாற்காலியில் இருப்பவர்கள் வாயால் தூரிகை பிடித்து ஓவியம் வரைகிறார்கள், கூடைப்பந்து ஆடுகிறார்கள். ஊனமுற்ற வீரர்களுக்குத் தொழில் கற்றுத்தர 1917-லேயே தொடங்கிய குயின் மேரி தொழில்நுட்ப நிறுவனமும் அதே கட்கியில்தான். நூறு சதவீத ஊனமாகி இன்னொருவர் உதவியில்லாமல் இருக்க முடியாதவருக்கு, உடனிருந்து பார்ப்பவருக்கான தனிப் படியும் உண்டு. ஆனால் அந்தப் படியும் ஊன ஓய்வூதியத்தோடு ஒட்டிக்கொண்டு வருவது. அரை வரியில் தோற்றவருக்கு அது இல்லை.

ஓய்வூதியமே இல்லாதவருக்கு மத்திய அரசின் கேந்திரிய சைனிக் போர்டு தரும் வறுமை நிவாரணம் 2025 நவம்பர் முதல் மாதம் 4,000 ரூபாயிலிருந்து 8,000 ஆகியிருக்கிறது. நல்ல உயர்வு. அதற்கு வயது 65 ஆக வேண்டும். முப்பதில் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர் முப்பத்தைந்து வருஷம் காத்திருந்து வாங்கிக்கொள்ளலாம்.

உள்ளூரில் இதற்கெல்லாம் முதல் வாசல் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம். தமிழக அரசின் தொகுப்பு நிதி உதவிகள் இதன் வழியாகத்தான் வரும். டிசம்பர் 7 கொடிநாளில் நாம் உண்டியலில் போடும் பணமும் அந்த நிதிக்குத்தான் போகிறது. இங்கேயும் ஒரு சிக்கல். மாநில அரசின் மாற்றுத்திறனாளி அட்டைக்கு 2016 சட்டப்படி நாற்பது சதவீதம் வேண்டும். ராணுவ போர்டு முப்பது என்று எழுதிக் கொடுத்தவர், தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மறுபடி முதலிலிருந்து சோதனைக்கு உட்கார வேண்டும். ஒரே முட்டிக்கு இரண்டு சதவீதம். இது பல சமயம் வீரருக்கே சாதகமாக முடியலாம் என்பதால் அந்தச் சோதனையைத் தவிர்க்காமல் இருப்பது நல்லது. 2001 ஜனவரி உத்தரவுக்குப் பிறகு, நிரந்தர ஊனத்துக்கு ராணுவம் போட்ட சதவீதம் ஆயுளுக்கும் மாறாது. ஊனம் கூடிவிட்டது என்று வீரரே மனு கொடுத்தால் மட்டும் மறுபரிசீலனை செய்வார்கள். மனு கொடுக்க மருத்துவச் சான்று வேண்டுமே.

வக்கீல் செலவுக்குப் பயந்து ஒதுங்குபவர்களுக்கு ஒரு புது வழி வந்திருக்கிறது. 2025 ஜூலை 26, கார்கில் வெற்றி நாளில், தேசியச் சட்டப் பணிகள் ஆணையம் வீர் பரிவார் சகாயதா யோஜனா என்ற திட்டத்தைத் தொடங்கியது. மாவட்ட சைனிக் அலுவலகங்களிலேயே, அதாவது முன்னாள் படைவீரர் நல அலுவலகங்களிலேயே, இலவசச் சட்ட உதவி மையம் அமைப்பது நோக்கம். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு எங்கே என்று தெரியாத முன்னாள் வீரருக்கும் சைனிக் ஆபீஸுக்கு வழி தெரியும் என்பதால் இது சரியான இடம்.

சி.ஆர்.பி.எஃப்., பி.எஸ்.எஃப். வீரர்கள் இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டுத் தீர்ப்பாயத்துக்குக் கிளம்பிவிட வேண்டாம். அவர்கள் உள்துறையின் ஆள்கள். வேறு விதிகள், வேறு ஓய்வூதியம், உயர் நீதிமன்றம்தான் வழி. சத்தீஸ்கர் காட்டில் கண்ணிவெடியில் கால் போனவரைப் படைத்துறைச் சட்டம் ‘முன்னாள் படைவீரர்’ என்று கணக்கில் எடுப்பதில்லை என்பதை ஊரில் யாருக்காவது விளக்கிச் சொல்லிப் பாருங்கள்.

இனி வரப்போகும் தலைமுறைக்கு இந்தக் கணக்கே வேறு. தருமபுரிப் பையன்கள் கோயம்புத்தூர் ஆளெடுப்பு அலுவலகத்தின் வழியாக இப்போது சேர்வது அக்னிவீரர்களாக. 2022-ல் வந்த இந்தத் திட்டத்தில் ஓய்வூதியம் என்ற பேச்சே கிடையாது. பணியால் ஊனமானால் ஒரே முறை தொகை: நூறு சதவீதத்துக்கு 44 லட்சம், எழுபத்தைந்துக்கு 25 லட்சம், ஐம்பதுக்கு 15 லட்சம். நான்கு வருஷப் பணியில் மீதியிருக்கும் காலச் சம்பளமும், பணி முடிவில் தரும் சேவா நிதியும் அதோடு சேரும். கேட்கப் பெரிய தொகை. இருபத்திரண்டு வயதில் இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் பாப்பிரெட்டிப்பட்டிக்குத் திரும்பும் ஒருவர் அந்த 44 லட்சத்தை எத்தனை வருஷத்துக்கு நீட்ட வேண்டியிருக்கும் என்று போட்டுப் பார்த்தால், நாற்பது வருஷம் என்று வைத்தாலும், மாதம் 9,200 ரூபாய்க்குக் கொஞ்சம் கீழே வருகிறது. வங்கி வட்டி கொஞ்சம் கூட்டும், விலைவாசி அதைத் தின்னும். பணியில் இறக்கும் அக்னிவீரர் குடும்பத்துக்காவது மற்ற வீரர்களுக்குரிய சலுகைகள் வேண்டும் என்று பாதுகாப்புத் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு 2024-ல் பரிந்துரைத்தது. ஊனமாகித் திரும்பும் அக்னிவீரருக்கு வாழ்நாள் ஓய்வூதியம் தரலாமா என்ற கேள்வி அந்த அளவுக்குக்கூட இன்னும் நகரவில்லை. அவருக்கும் மெடிக்கல் போர்டு உட்காரும். காயம் பணியால் வந்ததா என்று அங்கேயும் கேட்பார்கள்.